ஒரு கோப்பைக்கு இரண்டு வேலை வேண்டாம்: பிஜிஏ டூரின் எதிர்காலப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் டைகர் உட்ஸ் அவர்களுக்கும், பிஜிஏ டூரின் எதிர்காலப் போட்டிக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஆகஸ்டில், அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் மைதானத்தில் சீசனின் கடைசிப் போட்டியான டூர் சாம்பியன்ஷிப் நடந்த வாரத்தில், அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரின் புதிய தலைமைச் செயல் அலுவலர் பிரையன் ரோலாப் உங்கள் குழுவை அறிவித்தார். இருப்பதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது நோக்கமல்ல, கணிசமான மாற்றமே நோக்கம் என்ற பொருளில் அப்போது அவர் பேசினார். போட்டியில் சமநிலை, நிகழ்வுகளின் அருமை, எளிமை என்ற மூன்றையும் உங்களுக்கு வழிகாட்டிகளாக முன்வைத்தார். ஆண்டு அட்டவணை, ஆடுவோரின் எண்ணிக்கை, மைதானங்கள், ஒளிபரப்பு என நீங்கள் ஆராய வேண்டியவை பல இருக்கும். அவற்றுள் ஒன்றை மட்டும், அதாவது ஃபெட்எக்ஸ் கோப்பை எனும் ஆண்டுப் பட்டத்தின் ப்ளே-ஆஃப் (சீசன் இறுதிப் போட்டிகள்) புள்ளிமுறையை மட்டும் பற்றி, இந்த ஆட்டத்தைத் தொலைவிலிருந்து தொடர்ந்து பார்த்துவரும் ஒரு ரசிகன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது சுருக்கமானது. 2007-இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து இந்தக் கோப்பையின் மேல் இரண்டு வேலைகள் சுமத்தப்பட்டிருக்கின்றன. ஜனவரி முதல் ஆகஸ்டு வரை யார் சிறப்பாக ஆடினார் என்று அது அறிவிக்க வேண்டும். அதே நேரத்தில், கடைசி ஞாயிற்றுக்கிழமையின் கடைசிக் குழி வரை யார் வெல்வார் என்று தெரியாத பரபரப்பையும் அது தர வேண்டும். இரண்டுமே செய்யத்தக்க வேலைகள்தாம். ஆனால் ஒன்றை ஒழுங்காகச் செய்தால் மற்றொன்று கெடுகிறது என்பதை, பத்தொன்பது சீசன்களாக விதிகளை மாற்றி மாற்றி டூர் தானே மெய்ப்பித்துக் காட்டியிருக்கிறது. ஆகவே இரண்டையும் இரண்டு பட்டங்களாகப் பிரித்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதை உங்களிடம் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்தப் புள்ளிமுறை எங்கெல்லாம் தடுமாறியதோ அங்கெல்லாம் உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் களத்தில் நின்றிருக்கிறார்.

ஆடம் ஸ்காட் 2006-இல் ஈஸ்ட் லேக்கில் டூர் சாம்பியன்ஷிப்பை வென்றபோது ஃபெட்எக்ஸ் கோப்பை என ஒன்று இல்லை. அந்த வாரம் நான்கு சுற்றுகளில் மிகக் குறைந்த ஸ்ட்ரோக்குகளில் (அடிகளில்) முடித்தவர் அவர். பட்டமும் அவருக்கே கிடைத்தது. அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறு ஆண்டு கோப்பை வந்தது. நான்கு ப்ளே-ஆஃப் போட்டிகளில் முதலாவதற்குத் தலைவர் உட்ஸ் வரவேயில்லை. ஆனாலும் மூன்றாவதையும் நான்காவதையும் வென்று கோப்பையைத் தட்டிச் சென்றார். (அந்த ஆண்டின் பத்து மில்லியன் டாலர் பரிசு உடனே கைக்கு வராமல் ஓய்வூதியக் கணக்குக்குப் போனது என்பது இன்று பலருக்கு மறந்திருக்கும்.) ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரரே கோப்பையையும் வென்றதால், முதல் ஆண்டில் முறையின் பழுது வெளியே தெரியவில்லை.

அது 2008-இல் தெரிந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சையால் உட்ஸ் ஆடாத அந்தக் கோடையில், விஜய் சிங் முதல் இரண்டு ப்ளே-ஆஃப் போட்டிகளையும் வென்றார். அடுத்த இரண்டையும் வென்றவர் இப்போது உங்களோடு அமர்ந்திருக்கும் கமிலோ வியேகாஸ். அவற்றுள் முதலாவதுதான் டூரில் அவர் பெற்ற முதல் வெற்றி. இரண்டாவது, எல்லாப் போட்டிகளுக்கும் சிகரமென விளம்பரப்படுத்தப்பட்ட டூர் சாம்பியன்ஷிப். ஆனால் ஈஸ்ட் லேக்குக்கு வருவதற்கு முன்பே கோப்பை முடிவாகிவிட்டது. நான்கு சுற்றுகளையும் ஆடி முடித்து, தகுதி நீக்கம் ஆகாமல் இருந்தாலே போதும் என்ற நிலையில் சிங் அங்கே வந்தார். இருவரும் இரண்டிரண்டு வென்றிருக்க, வெற்றிகளின் வரிசை மட்டுமே வேறாக இருக்க, இறுதிப் போட்டியை வென்றவருக்குக் கோப்பை கிடைக்கவில்லை.

அப்போது டூர் நிர்வாகம் எடுத்த முடிவே பின்னால் வந்த எல்லாக் குழப்பத்துக்கும் வேர் என்று கருதுகிறேன். முன்கூட்டியே ஒருவர் வென்றுவிட்டதை அவர்கள் குறையாகப் பார்த்தார்கள். நெடிய ஓட்டத்தில் ஒருவர் வெகுதூரம் முன்னே போவது அந்த ஓட்டத்தின் பழுதல்ல, அதன் முடிவு. உங்கள் குழுவில் இருக்கும் ஜான் ஹென்றிக்கு இது நன்றாகத் தெரியும். அவரது நிறுவனத்துக்குச் சொந்தமான லிவர்பூல் கால்பந்து அணி 2020 ஜூனில், ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கையிலேயே இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தை உறுதிசெய்தது. எஞ்சிய ஏழு ஆட்டங்களைக் காப்பாற்றுவதற்காக லீக் நிர்வாகம் புள்ளிகளை அழித்து எழுதவில்லை. அதே பருவத்தில் தனித் தொடரான எஃப்ஏ கோப்பையை ஆர்சனல் வென்றது. அதனால் லிவர்பூலின் பட்டத்துக்கு எந்த இழுக்கும் வரவில்லை, ஆர்சனலின் கோப்பைக்கும் வரவில்லை.

பிஜிஏ டூரோ புள்ளிகளை அழித்து எழுதத் தொடங்கியது. 2009 முதல், மூன்றாவது ப்ளே-ஆஃப் முடிந்ததும் டூர் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதிபெற்ற முப்பது பேரின் புள்ளிகளும் செயற்கையாக நெருக்கி அமைக்கப்பட்டன. முதல் ஐந்து இடங்களில் இருப்பவர் டூர் சாம்பியன்ஷிப்பை வென்றால் கோப்பை நிச்சயம். முப்பதாம் இடத்தில் இருப்பவருக்கும் கணக்கின்படி ஒரு வாய்ப்பு உண்டு. இதன் விளைவு முதல் ஆண்டிலேயே மேடையில் தெரிந்தது. டூர் சாம்பியன்ஷிப்பை பில் மிக்கல்சன் வென்றார், ஃபெட்எக்ஸ் கோப்பையை டைகர் உட்ஸ் வென்றார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு கோப்பையோடு படமெடுத்துக்கொண்டார்கள். அன்று டூர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால், இரண்டு பட்டங்கள், இரண்டு வெற்றியாளர்கள் என்பதை மரபாகவே ஆக்கியிருந்தால், இந்த மடலுக்குத் தேவையே இருந்திருக்காது. அந்தப் படத்தை வெட்கப்பட வேண்டிய ஒன்றாகக் கருதியதுதான் தவறு.

அடுத்து வந்த ஆண்டுகளில் கணக்கு இன்னும் சிக்கலாகியது. 2011-இல் பில் ஹாஸ் 25-ஆம் இடத்திலிருந்து வந்து, சடன் டெத்தில் (சமநிலை முறியும் வரை ஆடும் கூடுதல் குழிகளில்), ஏரி நீருக்குள் பாதி மூழ்கிக் கிடந்த பந்தைக் குழியருகே எடுத்துப் போட்ட அற்புதமான அடியின் துணையோடு டூர் சாம்பியன்ஷிப்பை வென்றார். கோப்பையும் தனக்கே என்பது ஆட்டம் முடிந்த அந்தக் கணத்தில் அவருக்குத் தெரியவில்லை. விளையாட்டு உலகிலேயே மிகப் பெரிய பரிசுகளுள் ஒன்றை வென்றவர், தான் வென்றதை மற்றவர் வழியாக அறிய நேர்ந்தது. 2016-இல் இன்னொரு விதம். ரோரி மெக்கில்ராய், ரையன் மூர், கெவின் சாப்பல் ஆகிய மூவரும் சடன் டெத்துக்குப் போனார்கள். அதில் மூர் வென்றால் கோப்பை, ஏற்கெனவே ஆடி முடித்துவிட்ட டஸ்டின் ஜான்சனுக்குப் போகும். மெக்கில்ராய் வென்றதால் அந்த விபரீதம் நடக்கவில்லை. முப்பது பேரில் ஒருவர் குழிக்குள் உருட்டும் பட், களத்தில் இல்லாத இன்னொருவருக்குப் பத்து மில்லியன் டாலரை வாங்கித் தரக்கூடும் என்ற ஏற்பாட்டை நாடகம் என்று சொல்லலாம். விளையாட்டு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

2018-ஐத் தலைவருக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஐந்தாண்டு வெற்றியின்மைக்கும் முதுகு அறுவைச் சிகிச்சைகளுக்கும் பிறகு உட்ஸ் தமது 80-ஆவது டூர் வெற்றியை ஈஸ்ட் லேக்கில் பெற்றார். கயிற்றைத் தாண்டி ஃபேர்வே முழுவதும் நிறைந்து அவர் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்த எவரும் அதை மறக்க மாட்டார்கள். அதே நேரத்தில், கடைசிக் குழியில் பேர்டி (அக்குழிக்கு வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவு) எடுத்து நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட ஜஸ்டின் ரோஸ் ஃபெட்எக்ஸ் கோப்பையை வென்றார். ரோஸ் அதற்குத் தகுதியானவரே. ஆனால் அன்று அவர் பெற்ற கோப்பையைக் கவனிக்க ஆளில்லை.

இரண்டு வெற்றியாளர்கள் என்ற இந்தத் 'தொல்லையை' ஒழிக்க 2019-இல் கொண்டுவரப்பட்டதுதான் தொடக்க ஸ்ட்ரோக் முறை. புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஒரு பந்தும் அடிக்காமலே மைனஸ் 10-இல், அதாவது மைதானத்துக்கு வகுத்த அடிகளைவிடப் பத்து குறைவான கணக்கில், தொடங்குவார். இரண்டாமவர் மைனஸ் 8, மூன்றாமவர் மைனஸ் 7, நான்காமவர் மைனஸ் 6, ஐந்தாமவர் மைனஸ் 5. அதற்குப் பின் ஐந்தைந்து பேராக இறங்கி, 26 முதல் 30 வரையுள்ளவர்கள் பூஜ்யத்தில் தொடங்குவார்கள். பார்ப்பதற்கு எளிமைதான், பலகையில் யார் மேலே இருக்கிறாரோ அவர்தான் முன்னிலை. நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அட்லாண்டாவில் ஞாயிறு மாலை கடைசிப் பட் விழும்போது சென்னையில் திங்கள் அதிகாலை மூன்றரை மணி ஆகிறது, அந்நேரம் விழித்திருப்பவர்கள் கால்குலேட்டரைத் தேட வேண்டாம் என்ற அளவில் இந்த முறைக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த எளிமைக்குக் கொடுத்த விலை பெரிது. கோல்ஃபின் அடிப்படையே அதில் விலைபோயிற்று. எந்த மைதானத்திலும், எந்த நாட்டிலும், நான்கு நாள்களில் குறைந்த ஸ்ட்ரோக்குகளில் முடிப்பவர் வெல்வார் என்பதே தொழில்முறை கோல்ஃபின் வாக்குறுதி. 2020-இல் ஸாண்டர் ஷாஃப்லே 72 குழிகளை 265 ஸ்ட்ரோக்குகளில் முடித்தார்; வென்ற டஸ்டின் ஜான்சனைவிட நான்கு குறைவு. உலகத் தரவரிசையினர் தொடக்க ஸ்ட்ரோக்குகளைக் கணக்கில் கொள்ளாததால், அந்த வாரத்தின் வெற்றியாளருக்குரிய தரவரிசைப் புள்ளிகள் ஷாஃப்லேக்கே போயின. ஒரே போட்டிக்கு டூரின் பதிவேட்டில் ஒரு வெற்றியாளர், உலகத் தரவரிசையில் இன்னொருவர்.

உங்கள் உறுப்பினர் பேட்ரிக் கேன்ட்லே 2021-இல் வென்றதும் இப்படித்தான். அவர் ஆடியது 269. ஜான் ராமும் கெவின் நாவும் ஆடியது 266. ராமைவிட நான்கு ஸ்ட்ரோக் முன்னால் தொடங்கிய கேன்ட்லே ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றார். அந்தக் கடைசி மாலையில் நெருக்கடி தாங்கி அவர் ஆடிய ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமக்கு முன்னே வைக்கப்பட்ட விதிப்படி அவர் வென்றார். ஆயினும், அந்த வாரம் தம்மைவிட மூன்று ஸ்ட்ரோக் குறைவாக ஆடிய இருவர் இருந்தார்கள் என்ற குறிப்பு அவர் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதை ஒட்டவைத்தது அவரல்ல, முறை.

இந்த முறைக்கும் நல்ல ஆண்டுகள் இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். 2022-இல் ஸ்காட்டி ஷெஃப்ளருக்கு ஆறு ஸ்ட்ரோக் பின்னால் தொடங்கிய மெக்கில்ராய், முதல் இரண்டு குழிகளில் டிரிபிள் போகியும் (மூன்று அடி கூடுதல்) போகியும் (ஒன்று கூடுதல்) எடுத்துப் பத்து ஸ்ட்ரோக் பின்தங்கி, பிறகு ஞாயிறன்று ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றார். அந்த வாரத்தின் குறைந்த எண்ணிக்கையும் அவருடையதே என்பதால் யாருக்கும் மனக்குறை இல்லை. அதாவது, முறை பொருத்தமாகத் தெரிந்த ஆண்டுகள் எல்லாம், அந்த முறை இல்லாமலேயே அதே முடிவு வந்திருக்கக்கூடிய ஆண்டுகள். 2024-இல் ஷெஃப்ளர் மைனஸ் 30 என்ற எண்ணோடு வென்றார். காலின் மொரிகாவா அவரைவிட இரண்டு ஸ்ட்ரோக் குறைவாக ஆடி இரண்டாமிடம் பெற்றார். அந்த ஏற்பாட்டால் அதிகம் பயன் பெற்ற ஷெஃப்ளரே, போட்டிக்கு முன்பாகவே அதை அசட்டுத்தனமானது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டு முழுவதற்குமான ஓட்டம் என்று சொல்லிக்கொண்டு அதை ஒரே போட்டியில் முடிவுசெய்வது பொருந்தாது என்பதே அவருடைய வாதம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மைனஸ் 10-இல் தொடங்கி, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வென்றவர் சொன்னது அது.

2025 மேயில் தொடக்க ஸ்ட்ரோக்குகள் நீக்கப்பட்டன. முப்பது பேரும் சமமாகத் தொடங்கினார்கள். டாமி ஃப்ளீட்வுட் மைனஸ் 18-இல் மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 164-ஆவது முயற்சியில் பிஜிஏ டூரில் அவர் பெற்ற முதல் வெற்றி அது. அவ்வளவு முறை நெருங்கி வந்து நழுவவிட்ட ஒருவர் வென்றதைக் கண்டு மகிழாத கோல்ஃப் ரசிகர் அரிது. கேள்வி அவரைப் பற்றியதல்ல. அவர் கையில் கொடுக்கப்பட்டது ஆண்டின் சாம்பியன் என்ற பட்டம். அதே ஆண்டில் அந்த நாள் வரை ஷெஃப்ளர் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஓப்பன் ஆகிய இரண்டு மேஜர்கள் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளில் இரண்டு) உள்பட ஐந்து போட்டிகளை வென்றிருந்தார். ஃப்ளீட்வுட் வென்றது அந்த ஒன்றை மட்டும். 2008-இல் இறுதிப் போட்டிக்கு மதிப்பில்லை என்று புலம்பியவர்கள், 2025-இல் எட்டு மாத ஆட்டத்துக்கு மதிப்பில்லாமல் செய்துவிட்டார்கள்.

விந்தை என்னவென்றால், பணத்தைப் பொறுத்தவரை டூர் ஏற்கெனவே இரண்டையும் பிரித்துவிட்டது. 2025-இல் வழக்கமான சீசன் முடிவில் புள்ளிகளில் முதலிடம் பெற்றவருக்குப் பத்து மில்லியன் டாலர், டூர் சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய ப்ளே-ஆஃபான பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப் முடிந்ததும் முதலிடத்தில் இருந்தவருக்கு ஐந்து மில்லியன், ஈஸ்ட் லேக்கில் வென்றவருக்குப் பத்து மில்லியன். ஆண்டு முழுதும் ஆடியதற்கு ஒரு கூலி, கடைசி வாரத்துக்கு ஒரு கூலி என்று கணக்குப்பிள்ளைகள் தெளிவாக இருக்கிறார்கள். கோப்பையின் பெயர் மட்டும்தான் இன்னும் பிரிக்கப்படவில்லை.

மற்ற டூர்களில் இது தீர்க்கப்பட்ட விஷயம். ஐரோப்பாவின் டிபி வேர்ல்டு டூரில் ரேஸ் டு துபாய் என்பது ஆண்டின் புள்ளிப்பட்டம். டிபி வேர்ல்டு டூர் சாம்பியன்ஷிப் என்பது ஆண்டின் கடைசிப் போட்டி. 2025 நவம்பரில் மேட் ஃபிட்ஸ்பேட்ரிக், மெக்கில்ராயைச் சடன் டெத்தில் வீழ்த்திப் போட்டியை வென்றார்; மெக்கில்ராய் ஏழாம் முறையாகப் புள்ளிப்பட்டத்தை வென்றார். யாருக்கும் குழப்பமில்லை, யார் பட்டத்திலும் அடிக்குறிப்பு இல்லை. பெண்களுக்கான எல்பிஜிஏ டூரில், அறுபது பேர் தகுதிபெறும் கடைசிப் போட்டியில் வெல்பவருக்கே சிஎம்இ குளோப் பட்டமும் மிகப் பெரிய பரிசும் போகின்றன. ஆனால் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அங்கே புள்ளிகளாலேயே தனியாகத் தீர்மானிக்கப்படுகிறது. பிஜிஏ டூரிலும் அத்தகைய விருது உண்டு, ஆனால் அது சக ஆட்டக்காரர்களின் வாக்கால் வருவது. புள்ளிகளால் வரும் பட்டம் என்று இங்கே எதுவுமில்லை.

அமெரிக்க விளையாட்டுகளின் ப்ளே-ஆஃப் மரபை இதற்கு எதிராகச் சிலர் காட்டுவார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லிலிருந்து வந்த ரோலாப் அதை நன்கறிவார். வழக்கமான சீசனில் ஒரு ஆட்டமும் தோற்காத அணிகூட சூப்பர் பவுலில் தோற்கலாம், அதை எல்லாரும் ஏற்கிறார்கள். கோல்ஃபில் மட்டும் ஏன் கூடாது என்று கேட்பார்கள். இரண்டு விடைகள் உண்டு. அந்த விளையாட்டுகளில் ப்ளே-ஆஃப் என்பது ஓர் அணி இன்னோர் அணியை நேரில் வீழ்த்துவது. கோல்ஃபில் முப்பது பேரும் மைதானத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒருவருக்கொருவர் எதிரே நிற்பதில்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் வென்ற வாரங்களைவிட வெல்லாத வாரங்களே அதிகம். 2024-இல் டூரில் ஏழு போட்டிகளை வென்ற ஷெஃப்ளரும் தாம் ஆடியவற்றுள் பாதிக்கு மேல் வெல்லவில்லை. ஆகவே ஒரே வாரத்தின் முடிவு ஓர் ஆண்டைப் பற்றிச் சொல்வது கோல்ஃபில் மிகக் குறைவு. இரண்டாவது விடையை உங்கள் குழுவின் தியோ எப்ஸ்டீன் சொல்வார். 2004-இல் அவர் பொறுப்பிலும் ஹென்றியின் உடைமையிலும் இருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, பிரிவுப் பட்டம் வெல்லாமல் வைல்டு கார்டு வழியாக ப்ளே-ஆஃபில் நுழைந்து உலகத் தொடரை வென்றது. அந்த ஆண்டு அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவின் பட்டம் நியூயார்க் யாங்கீஸுக்கே இருந்தது, இன்றும் இருக்கிறது. ப்ளே-ஆஃபில் வென்றவர் சீசனின் பட்டத்தையும் பிடுங்கிக்கொள்வதில்லை.

இனிப் புள்ளிகளின் எடை. 2025 அட்டவணைப்படி சாதாரணப் போட்டி வெற்றிக்கு 500, சிக்னேச்சர் எனப்படும், குறைவான பேர் ஆடும் பெரும்பரிசுப் போட்டிக்கு 700, மேஜர்களுக்கும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்புக்கும் 750, முதல் இரண்டு ப்ளே-ஆஃப் போட்டிகளுக்குத் தலா 2000. மெம்ஃபிஸில் எழுபது பேரோடு, கட் (பின்தங்கியவர்களைப் பாதியில் நீக்குவது) இல்லாமல் நடக்கும் முதல் ப்ளே-ஆஃப் போட்டியை வெல்பவர், ஒரே ஆண்டில் மாஸ்டர்ஸையும் ஓப்பனையும் வென்றவரைவிட அதிகப் புள்ளிகள் பெறுகிறார். டூரின் சொந்தப் போட்டிகளை உயர்த்திக் காட்ட நினைப்பது இயல்பு. ஆனால் இதை எந்த ஆட்டக்காரரும் உள்ளூர நம்புவதில்லை. மெக்கில்ராய் 2025-இல் மெம்ஃபிஸுக்கு வராமலேயே இருந்துவிட்டார். மாஸ்டர்ஸ், பிளேயர்ஸ் வெற்றிகள் உள்பட அதுவரை சேர்த்த புள்ளிகளே அவரை ஈஸ்ட் லேக்குக்கு அழைத்துப் போகப் போதுமாக இருந்தன. ப்ளே-ஆஃப் என்று பெயரிட்டுவிட்டு, வராமலிருந்தாலும் நட்டமில்லை என்று வைத்திருப்பது எந்த விளையாட்டிலும் இராது.

இந்த மிகை எடை உண்மையில் சுடுவது உச்சியில் இருப்பவர்களை அல்ல. எழுபதாம் இடமும் ஐம்பதாம் இடமும் முப்பதாம் இடமும்தான் பலருடைய பிழைப்பைத் தீர்மானிக்கின்றன. ஐம்பதுக்குள் வந்தால் அடுத்த ஆண்டின் எல்லாச் சிக்னேச்சர் போட்டிகளிலும் இடம். முப்பதுக்குள் வந்தால் மாஸ்டர்ஸ் அழைப்பும் உண்டு. 2022 வரை 125 பேர் வரக்கூடிய ப்ளே-ஆஃபை எழுபதாகக் குறைத்தபின், டூரில் ஆடும் உரிமையான டூர் அட்டையும் 125-இலிருந்து நூறு பேருக்குக் குறைக்கப்பட்டது. ஐம்பதுக்குள் இருப்பவர் அதிகப் புள்ளியுள்ள, குறைவான பேர் ஆடும் போட்டிகளில் ஆடி மீண்டும் ஐம்பதுக்குள் வருகிறார். வெளியே இருப்பவர் வெளியேயே சுற்றுகிறார். உங்கள் குழுவின் மேவரிக் மெக்னீலியும் கீத் மிட்செலும் இதை என்னைவிட நெருங்கி அறிவார்கள் என்பதால் நீட்டவில்லை. ஒரே ஒரு நல்ல மெம்ஃபிஸ் வாரம் ஓர் ஆண்டு உழைப்பை நான்கு மடங்கு எடையோடு தள்ளிவிடக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பவை இவை. ஃபெட்எக்ஸ் கோப்பை புள்ளிகளுக்கே உரியதாக இருக்கட்டும். பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப் முடியும் ஞாயிறன்று முதலிடத்தில் இருப்பவருக்கு அந்த மைதானத்திலேயே அதை வழங்குங்கள். ப்ளே-ஆஃப் வெற்றிக்கான புள்ளியை மேஜருக்குச் சமமாக வைத்தாலே போதும். சற்று மேலே வைப்பதானால் ஆயிரத்தைத் தாண்ட வேண்டாம். 2025-இல் இந்த முறை இருந்திருந்தால், பிஎம்டபிள்யூ நடந்த கேவ்ஸ் வேலியில் 17-ஆவது குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்து ஷெஃப்ளர் அடித்த பந்து நேரே குழிக்குள் விழுந்து போட்டி அவர் கைக்கு வந்த அதே மாலையில், ஆண்டின் கோப்பையும் அவருக்குக் கிடைத்திருக்கும். அடுத்த ஞாயிறு முழுக்க முழுக்க ஃப்ளீட்வுட்டினுடையதாக இருந்திருக்கும்.

அப்படிப் பிரித்தால் டூர் சாம்பியன்ஷிப்புக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆண்டின் நியாயத்தைத் தூக்கிச் சுமக்கும் பொறுப்பு நீங்கினால், அந்தப் போட்டி என்ன வேண்டுமானாலும் ஆகலாம். மேட்ச் ப்ளே வேண்டும் என்ற பேச்சு டூர் வட்டாரங்களில் அடிக்கடி எழுகிறது. ஆஸ்டினில் 2023-இல் கடைசியாக நடந்த உலக மேட்ச் ப்ளே போட்டிக்குப் பிறகு, டூரில் நேருக்கு நேர் மோதும் தனிநபர் போட்டியே இல்லை. ஆண்டின் சிறந்தவரை மேட்ச் ப்ளேயால் தேர்ந்தெடுப்பது அபத்தம். வியாழனன்றே முதலிடத்தவர் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அவர் கோப்பையை ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால், அவரை வீழ்த்துவதே ஒரு கதையாகிவிடும். புள்ளிப்பட்டியலில் மேலே இருப்பவருக்கு முதல் சுற்றில் ஓய்வு தரலாம்; எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தரலாம். அப்போது ப்ளே-ஆஃப் என்ற பெயரும் முதன்முறையாகப் பொருந்தும். ஸ்ட்ரோக் ப்ளேயே இருக்கட்டும் என்று நீங்கள் முடிவுசெய்தாலும் எனக்கு வருத்தமில்லை. 2006-இல் ஸ்காட் வென்றதைப் போல, அந்த வாரத்தின் சிறந்தவர் அந்த வாரத்தை வெல்லட்டும்.

விளம்பரதாரர்கள் இதை ஏற்பார்களா என்ற தயக்கம் உங்கள் அறையில் கட்டாயம் எழும். தங்கள் பெயருள்ள கோப்பை கடைசி ஞாயிறன்று தூக்கப்படாவிட்டால் அவர்களுக்கு என்ன பயன் என்று கேட்கப்படும். பதிலுக்கு ஒன்றைச் சொல்லலாம்: அந்தப் பெயர் இப்போது இடம்பெறுவதில் பாதி, விதிகளைப் பற்றிய விவாதங்களில்தான். ஒரு வாரம் முன்னால், தகுதியைப் பற்றி எவரும் சண்டை போடாத ஒருவர் கையில் அந்தக் கோப்பை இருப்பது, கடைசி ஞாயிறன்று வாதத்துக்குரிய ஒருவர் கையில் இருப்பதைவிட அவர்களுக்கு நட்டமல்ல.

கடைசியாக ஒன்று. இந்தக் கோப்பையின் விதிகள் 2008, 2009, 2019, 2023, 2025 என மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அவற்றுள் கடைசி மாற்றம் மே இறுதியில், சீசனின் பெரும்பகுதி ஆடி முடிந்தபின் அறிவிக்கப்பட்டது. மைனஸ் 10 கிடைக்கும் என்ற விதியின்கீழ் ஜனவரியில் ஆடத் தொடங்கியவர்கள், அது இல்லை என்பதைக் கோடையில் அறிந்தார்கள். அந்த மாற்றம் நல்லதே என்றாலும் அதைச் செய்த நேரம் தவறு. நீங்கள் எதை முடிவுசெய்தாலும், அது நடைமுறைக்கு வரும் சீசனின் முதல் போட்டிக்கு முன்னரே எழுத்தில் வெளியிடுங்கள்; குறைந்தது ஐந்து சீசன்களுக்கு அதைத் தொடமாட்டோம் என்று அதே அறிவிப்பில் உறுதியும் கொடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கோல்ஃப் ரசிகன்